ஏழாம் எண் தாள்

வரி அலுவலகம் அனுப்பியிருந்த முப்பத்து நான்கு கேள்விகளில் பஷீர் அஹமதுவுக்கு மிகவும் பிடித்தது பத்தொன்பதாவது. அறக்கட்டளைத் தலைவர் வாங்கும் நாளிதழ்கள் எவை என்று அது கேட்டது. தலைவரான பஷீர் அஹமது வேப்பனப்பள்ளியில் மாங்காய் மண்டி வைத்திருப்பவர். காயைச் சுற்றிப் பழுக்க வைப்பதற்காக எல்லாக் கட்சிகளின் பத்திரிகைகளையும் பழைய பேப்பர் கடையிலிருந்து மூட்டை மூட்டையாக எடுப்பவர்.

“மாசம் நானூறு கிலோன்னு எழுதும்மா,” என்றார் மாதேஸ்வரியிடம். “எந்தக் கட்சிப் பேப்பர்ல சீக்கிரம் பழுக்குதுன்னு கேட்டா அதையும் சொல்றன்.”

மாதேஸ்வரிக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் கண் சுவரிலிருந்த காலண்டருக்குப் போய்விட்டு வந்தது. முப்பத்தொன்றாம் தேதிக்கு இன்னும் பதினேழு நாள்.

அவள் ஓசூரில் பிரேக் பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் பதினாறு வருடமாக ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷனில் இருப்பவள். திங்கள் முதல் சனி வரை வளையங்களை அளப்பாள். ஞாயிற்றுக்கிழமை ஏரியை அளப்பாள். உத்தனப்பள்ளிக்கு அந்தப் பக்கம் இருக்கும் பெரியகுட்டை ஏரிக்காக அவளும் பஷீர் அஹமதுவும் இன்னும் சிலரும் சேர்ந்து ஒன்பது வருடத்துக்கு முன் ஓர் அறக்கட்டளை தொடங்கினார்கள். அவள் செயலாளர், அவர் தலைவர். அறக்கட்டளையின் பெரிய சொத்து ஒரு பழைய வேன். ஒரு கம்பெனி தன் சமூகப் பணிக் கணக்கில் அதைக் கொடுத்திருந்தது. உள்ளே இரண்டு மேசை, ஒரு சின்ன ஃபிரிட்ஜ், தண்ணீரில் அமிலம் எவ்வளவு, ஆக்சிஜன் எவ்வளவு என்று காட்டும் கருவிகள். பதினெட்டு கிராமத்துக் கிணறுகளும் ஆறு ஏரிகளும் அந்த வேனுக்காகக் காத்திருக்கும். கன்னடம், தெலுங்கு, தமிழ் என்று எந்த மொழியில் கேட்டாலும் தண்ணீரின் கதையை அந்தந்த மொழியிலேயே சொல்லிவிட்டு வருவான் அதை ஓட்டும் திம்மப்பன்.

வேனைக் கொடுத்த கம்பெனி ஒரே ஒரு நிபந்தனை வைத்திருந்தது. அறக்கட்டளையின் வரிவிலக்குப் பதிவு உயிரோடு இருக்க வேண்டும். அந்தப் பதிவை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். இந்த முறை கெடு முப்பத்தொன்றாம் தேதி. புதுப்பிக்கவில்லையென்றால் முதல் தேதி காலையில் சாவியை வாங்கிக்கொள்ள ஆள் வருவார் என்று கம்பெனி பணிவாகக் கடிதம் போட்டுவிட்டது.

வழக்கமாகப் புதுப்பிப்பதற்கு ஐந்து கேள்விதான் வரும். இவர்களுக்கு மட்டும் ஏன் முப்பத்து நான்கு என்பது மாதேஸ்வரிக்குத் தெரியும். போன ஒன்றியக் கவுன்சிலர் தேர்தலின்போது அறக்கட்டளை ஏரிக்கரையில் ஒரு மேடை போட்டது. ஐந்து வேட்பாளர்களையும் அழைத்து, ஐந்து பேரிடமும் அதே ஆறு கேள்விகளைக் கேட்டது. மதகைத் திறப்பது யார் பொறுப்பு, நுரை வந்தால் யாரிடம் சொல்வது, இப்படி. நான்கு பேர் வந்தார்கள். வராதவருக்காகப் போட்ட நாற்காலி அவருடைய பெயர்ச்சீட்டோடு கடைசிவரை காலியாகவே இருந்தது. அந்த நாற்காலியின் புகைப்படம் எல்லோருடைய ஃபோனிலும் ஓடியது. அவருடைய ஆட்களுக்கு ரோஷம் வந்து, நாற்காலியைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லாமல், இந்த அறக்கட்டளை அரசியல் செய்கிறது என்று மட்டும் வரி அலுவலகத்துக்கு இரண்டு மனு எழுதிப் போட்டார்கள்.

ஓர் அறக்கட்டளை அரசியலின் பக்கமே தலைவைத்துப் படுக்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. எல்லா வேட்பாளர்களையும் கூப்பிட்டு ஒரே மாதிரி கேள்வி கேட்கலாம்; அது பொதுக்காரியம். ஒருவருக்கு மட்டும் ஓட்டுச் சேகரித்தால் அது கட்சிக்காரியம். அதற்கு வரிவிலக்கு கிடையாது. கோடு தெளிவாகத்தான் இருக்கிறது. ஆனால் கோட்டைத் தாண்டியது யார் என்று பார்ப்பதற்கு முன், யாரைப் பார்ப்பது என்று ஒருவர் முடிவு செய்கிறார். அந்த இடத்தில்தான் மாதேஸ்வரிக்கு உறுத்தியது.

ஏனென்றால் அதே தேர்தலில் பிரேம்குமார் என்பவர் நடத்தும் தொழில் நண்பர்கள் அறக்கட்டளையும் ஒரு கூட்டம் போட்டது. தொழிலாளர்களுக்கு இலவசமாகக் கண்ணாடி கொடுக்கும் நல்ல அமைப்பு அது. கூட்டத்துக்கு ஒரே ஒரு வேட்பாளரை அழைத்து, ஆளுயர மாலை போட்டு, தொழில் வளர இவரே வர வேண்டும் என்று துண்டறிக்கையும் அச்சடித்தார்கள். அழைக்கப்படாத மற்ற நால்வரில் யாரும் புகார் எழுதவில்லை. பிரேம்குமாருக்கு ஐந்து கேள்விகள் வந்தன. பத்தொன்பதாம் நாள் பதிவு புதுப்பிக்கப்பட்டது. போச்சம்பள்ளியில் ஒரு கம்பெனி விழாவில் அவரே சந்தோஷமாக அதைச் சொன்னார்.

பஷீர் அஹமது இதையெல்லாம் எழுதி மேலிடத்துக்கு அனுப்பலாம் என்றார். மாதேஸ்வரிக்கு அது பிடிக்கவில்லை. பிரேம்குமார் தப்பு செய்தார் என்று எழுதினால் அதுவும் ஒரு புகார் மனு. மனுவால் வந்த கோளாறை மனுவால் சரிசெய்ய முடியாது. நேரில் விளக்கம் சொல்ல இருபத்திரண்டாம் தேதி கிருஷ்ணகிரிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். அதற்குள் அவளுக்கு வேறொரு யோசனை வந்தது. தொழிற்சாலையில் வேலை பார்ப்பவருக்கு மட்டுமே வரக்கூடிய யோசனை.

வளையத்தை இன்ஸ்பெக்டர் சோதிக்கிறார். இன்ஸ்பெக்டரை யார் சோதிப்பது? அதற்கும் தொழிற்சாலையில் ஒரு வழி உண்டு. எம்.எஸ்.ஏ. என்பார்கள். முப்பது வளையங்களை எடுத்துக்கொள்வார்கள். சில நல்லவை, சில கெட்டவை, சில இரண்டுங்கெட்டான். எண் அடிப்பக்கத்தில் ஒட்டியிருக்கும். இன்ஸ்பெக்டர் கண்ணில் படாது. அவர் ஒவ்வொன்றாக எடுத்து ஓகே, ரிஜெக்ட் என்று சொல்லச் சொல்ல இன்னொருவர் எழுதிக்கொள்வார். பிறகு டீ. டீ முடிந்ததும் அதே முப்பது வளையங்கள் வரிசை மாறி மறுபடி மேசைக்கு வரும். முதலில் ஓகே ஆன வளையம் இப்போது ரிஜெக்ட் ஆனால் கோளாறு வளையத்தில் இல்லை.

மாதேஸ்வரியே ஒருமுறை இதில் தோற்றிருக்கிறாள். பதினோரு வருடத்துக்கு முன், யாரோ செய்த தவறால் இரண்டாவது சுற்றில் வளையங்களோடு மெஷின் ஆபரேட்டர்களின் பெயரும் வந்துவிட்டது. காலையில் ஓகே சொன்ன நான்கு வளையங்களை அவள் மதியம் ரிஜெக்ட் செய்தாள். நான்கும் புதிதாகச் சேர்ந்த டிரெய்னிகள் செய்தவை. அவர்கள் மேல் அவளுக்கு எந்தப் பகையும் இல்லை. கண் முதலில் பெயரைப் படித்துவிட்டது. கை அதற்குப் பிறகுதான் வளையத்தைத் தொட்டது. அவ்வளவுதான் நடந்தது. அன்றிலிருந்து பெயரை மறைக்காமல் அவள் எதையும் அளப்பதில்லை. வீட்டில் இட்லி மாவு இரண்டு கடையில் வாங்கினால்கூட மூடியை மாற்றி வைத்துவிட்டுத்தான் ருசி பார்ப்பாள்.

ஆகவே அவள் எட்டுத் தாள்களைத் தயார் செய்தாள். கடந்த இரண்டு வருடத்தில் இந்தப் பக்கத்து அறக்கட்டளைகள் நடத்திய எட்டு நிகழ்ச்சிகள். ஒன்றைத் தவிர எல்லாம் துண்டறிக்கையிலோ பத்திரிகையிலோ வந்தவை. என்ன நடந்தது, யாரை அழைத்தார்கள், என்ன கேட்டார்கள் என்பது மட்டும் நான்கைந்து வரியில். எந்த அறக்கட்டளை என்பது இருக்காது. பின்பக்கம் எண் மட்டும். இன்னொரு கட்டில் அதே எட்டுத் தாள்கள், பெயரோடு.

ஏழாம் எண் தாளில்தான் பிரச்சினை வந்தது.

எம்.எஸ்.ஏ.வுக்கு ஒரு விதி உண்டு. நிச்சயமாகக் கெட்டது என்று முன்பே தெரிந்த ஒரு பீஸ் உள்ளே இருந்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் எல்லாவற்றுக்கும் ஓகே சொல்லும் சோம்பேறியும் பாஸாகிவிடுவார். மாதேஸ்வரிக்குச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் தெரிந்த கெட்ட பீஸ் ஒன்றே ஒன்று. அது எந்தத் துண்டறிக்கையிலும் வரவில்லை. யாரும் அதைப் பற்றிப் புகாரும் எழுதவில்லை.

அந்தத் தேர்தலில் நின்ற ஐந்து பேரில் ஒருவர் திம்மப்பனின் மச்சான். தேர்தலுக்கு முந்தைய வாரம் திம்மப்பன் யாரிடமும் சொல்லாமல் வேனை இரண்டு நாள் மச்சானுக்குக் கொடுத்துவிட்டான். தண்ணீர் பரிசோதனைக் கருவிகளை ஓரமாகத் தள்ளிவிட்டு, மேலே ஒலிபெருக்கியைக் கட்டி, மூன்று மொழியிலும் ஓட்டுக் கேட்டுக்கொண்டு போனது வேன். மச்சானுக்கு விழுந்தது இருநூற்றுப் பன்னிரண்டு ஓட்டு. டெபாசிட் போனது. விஷயம் தெரிந்ததும் பஷீர் அஹமது திம்மப்பனை ஒரு மாதம் வேன் பக்கமே விடவில்லை. பிறகு, ‘தண்ணீர் தவிர வேறெதற்கும் இல்லை’ என்று மூன்று மொழியில் எழுதி டேஷ்போர்டில் ஒட்டியதோடு அது முடிந்துபோயிருந்தது.

செயற்குழு பஷீர் அஹமதுவின் மண்டியில் கூடியது. தாள்களைப் பார்த்ததும் அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

“நான் முப்பது வருசமா கூடை கட்டறவன். நல்ல பழத்த மேல வெச்சுத்தாம்மா கட்டுவன். நீ அழுகினத எடுத்து மேல வெக்கற.”

“இது கூடை இல்லீங்க பாய். தராசு சரியா இருக்குதான்னு பாக்கறது.”

தராசு சரியாக இருந்தால் நம் பழம்தானே முதலில் மாட்டும் என்று அவர் கேட்டார். மாட்டும் என்றாள் அவள். பதிவு போகலாம், வேன் போகலாம். அதையும் மறைக்காமல் சொன்னாள். வேறு ஊர்க்காரர் செய்த தவறு ஒன்றை எடுத்து ஏழில் வைக்கக் கூடாதா என்று அவர் கேட்டபோது, மற்றவர் செய்தது தவறுதானா என்று தனக்கு உறுதியாகத் தெரியாது, அதைக் கண்டுபிடிக்கத்தானே சோதனை என்றாள்.

திம்மப்பன் மாங்காய்க் கூடை மேல் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். எல்லோரும் அவனைப் பார்க்காமல் இருக்க முயன்றார்கள். அது அவனுக்கு இன்னும் சங்கடமாக இருந்தது.

“போடுங்கக்கா,” என்றான் கடைசியில். “ஆனா இருநூத்திப் பன்னண்டு ஓட்டுன்னு மட்டும் எழுதாதீங்க. மச்சான் மானம் போயிடும்.”

பஷீர் அஹமது சிரித்துவிட்டார். கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு, வேன் போனால் தன்னுடைய மாங்காய் ஆட்டோவில்தான் ஏரித் தண்ணீரை அளக்க வேண்டியிருக்கும், எல்லாத் தண்ணீரும் இனிக்கும் என்றார். அப்படியாக ஏழாம் எண் தாள் கட்டுக்குள் போனது.

இருபத்திரண்டாம் தேதி விளக்கம் கேட்க உட்கார்ந்திருந்த அதிகாரியின் பெயர் ஹரீஷ்குமார். முப்பத்தைந்து வயதிருக்கும். இந்த மேசைக்கு வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. எதிரே மூன்று அடுக்காகக் கோப்புகள், வெளியே பெஞ்சில் பதினோரு பேர். முப்பத்து நான்கு பதில்களையும் புரட்டியவர் பத்தொன்பதாம் பதிலில் நின்று, நானூறு கிலோவா என்று ஒருமுறை கேட்டுவிட்டு மேலே போனார். முடித்ததும், இன்னும் ஏதாவது சொல்ல வேண்டுமா என்றார்.

மாதேஸ்வரி தாள்களை எடுத்து வைத்தாள். பெயரில்லாத எட்டு நிகழ்ச்சிகள் இருக்கின்றன, ஒவ்வொன்றிலும் கூடுதல் விசாரணை தேவையா இல்லையா என்று மட்டும் பென்சிலால் குறிக்க முடியுமா என்று கேட்டாள். ஹரீஷ்குமாரின் முகம் சுருங்கியது. பிறகு தாளைத் திருப்பி, பின்பக்கத்து எண்ணைப் பார்த்தார். சுருக்கம் போய் வேறு ஏதோ வந்தது.

“எம்.எஸ்.ஏ.வா மேடம் இது?”

அவர் பொறியியல் முடித்துவிட்டு, இந்த வேலைக்குத் தேர்வு எழுதுவதற்கு முன் ஓசூரில் இரண்டு வருடம் கியர் கம்பெனியில் இருந்தவர். அதுவும் இன்ஸ்பெக்‌ஷனில். அந்த எண் ஒட்டும் வேலையைத் தானே செய்திருப்பதாகச் சொன்னார். வெளியே பதினோரு பேர் காத்திருப்பதை மறந்தவர்போல நாற்காலியை முன்னே இழுத்துக்கொண்டார். முதல் சுற்றுக்கு ஆறு நிமிடம் ஆனது. மூன்று, ஏழு ஆகிய இரண்டு தாள்களில் மட்டும் விசாரணை தேவை என்று குறித்தார். மூன்றில் ஒரே வேட்பாளருக்கு மாலை போட்டிருந்தார்கள். ஏழில் வேன்.

“கெட்ட பீஸ் எதுன்னு சொல்லிடுங்களேன்,” என்றார்.

“ரெண்டாவது சுத்து முடியட்டும் சார்.”

மாதேஸ்வரி வெளியே போய், பெஞ்சில் இருந்தவர்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு காத்திருந்தாள். அவர் ஐந்து பேரைப் பார்த்து முடித்து, டீ குடித்த பிறகு மறுபடி கூப்பிட்டார். இப்போது பெயரோடு இருந்த கட்டு, வரிசை மாறி.

தான் சோதிக்கப்படுகிறோம் என்று ஹரீஷ்குமாருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்திருந்தும் நடப்பது நடந்தது. முதல் தாளின் தலையில் பெரியகுட்டை ஏரி என்று பார்த்ததுமே பென்சில் விசாரணைக் கட்டத்துக்குப் போய்விட்டது; ஐந்து வேட்பாளர், ஆறு கேள்வி, காலி நாற்காலி என்ற வரிகளை அதன் பிறகுதான் படித்தார். ஆறு வாரமாக அந்தப் பெயரைப் புகார் மனுக்களோடு சேர்த்தே பார்த்துப் பழகிய கண். நான்காவதாக வந்த தொழில் நண்பர்கள் தாளில், கண்ணாடி கொடுப்பவர்கள்தானே என்று முணுமுணுத்துத் தேவையில்லை என்று குறித்தார். மாலை அங்கேயேதான் இருந்தது. மாதேஸ்வரி எதுவும் சொல்லவில்லை. தொழிற்சாலையில் அந்த நேரத்தில் பேசக் கூடாது.

கடைசியாக வேன் தாள். பெயரைப் பார்த்தார், படித்தார், விசாரணை தேவை என்று குறித்தார், மறுபடி பெயரைப் பார்த்தார்.

“மேடம், இது உங்க ட்ரஸ்ட்.”

“ஆமாங்க சார்.”

“இதப் பத்தி எங்களுக்கு யாருமே எழுதலியே.”

“தெரியுங்க சார். நிச்சயமா கெட்டதுன்னு எனக்குத் தெரிஞ்ச பீஸ் அது ஒன்னுதான். அதான் போட்டன்.”

ஹரீஷ்குமார் பென்சிலை வைத்துவிட்டு இரண்டு கட்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் பரப்பினார். எட்டில் ஆறு ஒத்துப்போயின. ஏழாம் எண் இரண்டு சுற்றிலும் மாட்டியிருந்தது. பெயர் தெரியாதபோது ஓகே ஆன காலி நாற்காலி, பெயர் தெரிந்ததும் ரிஜெக்ட். பெயர் தெரியாதபோது ரிஜெக்ட் ஆன மாலை, பெயர் தெரிந்ததும் ஓகே.

“எட்டுக்கு ரெண்டு,” என்றார். “எங்க கம்பெனில இதுக்கு லைன்லயே நிக்க விட மாட்டாங்க மேடம்.”

“நான் முப்பதுக்கு நாலு சார். டிரெய்னிங் குடுத்து மறுபடி நிக்க வெச்சாங்க.”

அவர் சிரித்தார். பிறகு இயந்திரத்தைத் திறந்து காட்டுகிறவர்போல அந்த மேசையின் வேலையை விளக்கினார். புகார் வந்தால் அதைக் கோப்பின் மேல் வைத்துக் கட்டுவார்கள். மேலே புகார் இருந்தால் நீளமான கேள்வித்தாள். இல்லையென்றால் குட்டையான கேள்வித்தாள். இதை யாரும் கெட்ட எண்ணத்தில் ஏற்படுத்தவில்லை. ஆனால் எதிரி இருப்பவன் ஒவ்வொரு முறையும் மாட்டுவான், எதிரி இல்லாதவன் என்ன செய்தாலும் போய்க்கொண்டே இருப்பான். செய்து குவித்த லாட்டிலிருந்து எந்த வளையத்தை எடுத்துச் சோதிப்பது என்பதைப் பக்கத்து மெஷின்காரனைக் கேட்டு முடிவு செய்வது போல என்று மாதேஸ்வரி சொன்னாள். அதேதான் என்றார் அவர். பிறகு முகம் மாறி, வேன் விஷயத்தைத் தான் எழுதாமல் விட முடியாது என்றார். விடக் கூடாது என்றுதான் அவளும் சொன்னாள். வேனை நிறுத்திவைத்த கதையையும் டேஷ்போர்டு வாசகத்தையும் எழுத்தில் கொடுக்கச் சொன்னார். எதற்கும் வாக்குக் கொடுக்கவில்லை.

அதன் பிறகு ஒன்பது நாள். பஷீர் அஹமது தினமும் காலையில் ஃபோன் செய்து, ஆட்டோவைக் கழுவிவிடட்டுமா என்று கேட்பார். திம்மப்பன் துடைத்த துடைப்பில் வேன், யாரோ பெண் பார்க்க வருகிற வீடுபோல ஆகிவிட்டது. மாதேஸ்வரி தொழிற்சாலையில் வளையங்களை அளந்துகொண்டே இருந்தாள். தான் செய்தது சரியா என்று அவளைக் கேட்டிருந்தால் சரி என்றுதான் சொல்லியிருப்பாள். ஆனால் இரவுச் சாப்பாட்டில் உப்பு போட மறந்தாள், இரண்டு முறை.

முப்பத்தொன்றாம் தேதி மாலை நான்கே முக்காலுக்கு உத்தரவு வந்தது. பதிவு புதுப்பிக்கப்பட்டிருந்தது. காலி நாற்காலிக் கூட்டம் பொதுக்காரியம் என்று ஒரே வரி. வேன் விஷயத்துக்கு ஒரு முழுப் பத்தி: இது தவறு, இம்முறை எச்சரிக்கை, மறுமுறை நடந்தால் பதிவு ரத்து, வேன் போய்வந்த இடங்களின் பட்டியலை ஆண்டுதோறும் அனுப்ப வேண்டும். மாதேஸ்வரி அந்தப் பத்தியை இரண்டு முறை படித்தாள். நன்றாக அளந்திருக்கிறார் என்று தோன்றியது.

திம்மப்பனுக்கு மட்டும் ஒரு குறை இருந்தது. தன்னைப் போய்க் கெட்ட பீஸ் ஆக்கிவிட்டார்களே என்றான். மாதேஸ்வரி அவனுக்கு விளக்கினாள். தொழிற்சாலையில் நல்ல வளையங்கள் டிரேயில் கொட்டிக் கிடக்கும். அந்த ஒரு கெட்ட வளையத்தை மட்டும் பஞ்சு வைத்த சிவப்புப் பெட்டியில் போட்டுப் பூட்டி வைப்பார்கள். அதற்குத் தனிச் சாவி, தனி ரெஜிஸ்டர். அது தொலைந்தால் மேனேஜர் வரைக்கும் போகும்.

“அப்ப ஃபேக்டரிலயே முக்கியமான பீஸ் நான்தான்னு சொல்லுங்க,” என்றான் திம்மப்பன்.

இரண்டு வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை பிரேம்குமார் ஃபோனில் வந்தார். ஹரீஷ்குமார் தன் மேசைக்கு வரும் எல்லோருக்கும் இனி ஒரே கேள்வித்தாள் என்று ஆக்கியிருந்தார். ஒன்பது கேள்விகள், பத்திரிகை பற்றிய கேள்வி கிடையாது. கூடுதலாக யாரைச் சோதிப்பது என்பதைக் குலுக்கிப்போட்டு எடுக்கிறாராம். புகார் மனு இருந்தால் கோப்பைப் படித்து முடித்த பிறகுதான் பிரிக்கிறாராம். இதெல்லாம் அந்த ஒரு மேசையோடு சரி. ஆனால் பிரேம்குமாரின் கோப்பு அந்த மேசையில்தான் இருந்தது. ஏற்கனவே புதுப்பித்தவர்களுக்கும் அந்த ஒன்பது போயிருந்தது.

“மேடம், நாலாவது கேள்வில வேட்பாளர் யாரையாவது ஆதரிச்சீங்களான்னு இருக்கு. நீங்க என்னா எழுதனீங்க?”

“நடந்தத எழுதனோம் சார்.”

“நடந்தத எழுதினா மாட்டிக்குவமே மேடம்.”

“நாங்களும் மாட்டனோம். வண்டி ஓடுது பாருங்க.”

மறுமுனையில் கேள்வித்தாளைப் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு, நாளைக்கு ஏரிக்கு வந்தால் கூட உட்கார்ந்து எழுதித் தர முடியுமா என்று கேட்டார். எழுதித் தர மாட்டேன், கூட உட்காருவேன் என்றாள் மாதேஸ்வரி.

ஞாயிற்றுக்கிழமை காலை வேன் பெரியகுட்டைக்குப் புறப்பட்டபோது முன் இருக்கையில் பிரேம்குமார் மடியில் கேள்வித்தாளோடு உட்கார்ந்திருந்தார். பின்னால் பஷீர் அஹமது கொடுத்தனுப்பிய ஒரு கூடை மாங்காய், பேப்பர் சுற்றி. டேஷ்போர்டில் ஒட்டியிருந்ததைப் பிரேம்குமார் கன்னடத்தில் ஒருமுறை, தமிழில் ஒருமுறை படித்துவிட்டு, இதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டார். திம்மப்பன் கியரை மாற்றினான்.

“அது பெரிய கதைங்க சார். ஏழாம் நம்பர் பீஸோட கதை,” என்று உற்சாகமாகத் தொடங்கினான். ஏரி வருவதற்குள் மச்சானின் இருநூற்றுப் பன்னிரண்டு ஓட்டையும் அவனே சொல்லிவிட்டான்.